பிரஷர்காரரிடம் சொல்லாதீர்கள்

பிரஷர்காரர் என்று ஓர் இனம் உண்டு, நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரத்த அழுத்தம் உள்ள எல்லோரையும் சொல்லவில்லை. அவர்கள் பாவம், மாத்திரையைப் போட்டுக்கொண்டு தங்கள் வேலையைப் பார்ப்பவர்கள். நான் சொல்வது ரத்த அழுத்தத்தை ஒரு பதவியாக வகிப்பவரை. டீ ஆறிப்போயிருந்தால் உடனே கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு மெஷினை அமுக்குவார், அது உஸ்ஸென்று ஊதி முடிக்கும்வரை வீடே தீர்ப்புக்குக் காத்து நிற்க வேண்டும், எண் வந்ததும் அதை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டி, "பாத்தியா? உன்னாலதான்" என்பார். எப்படி இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்கிறீர்களா? நான்தான் அவர்.

மகள் வாயைத் திறந்தால் மகன் கண்ணைக் காட்டுவான். "இப்ப சொல்லாத. அப்பாவுக்குப் பிரஷர்." மச்சான் வந்தால் குடையோடு சேர்த்து விஷயத்தையும் வெளியிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நானோ, என் குடும்பம் எவ்வளவு அமைதியானது என்று இன்சூரன்ஸ் ஆபீஸில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

எந்த மாத்திரைக்கும் இறங்காத பிரஷருக்குக் காரணம் தேடிய டாக்டரம்மா, என் ரத்தத்தில் கால்சியம் கூடுதல் என்று கண்டுபிடித்தார். கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், பாராதைராய்டு என்று பயறு அளவில் நான்கு குட்டிச் சுரப்பிகளாம். அதில் ஒன்று பெருத்துப்போய், எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் விட்டுக்கொண்டிருந்ததாம்.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். சிலருக்கு அதோட பிரஷரும் குறையும், சிலருக்குக் குறையாது."

"டாக்டர், இந்தக் கோபம்?"

"எரிச்சல் கொஞ்சம் இதனால வரலாம்."

அந்தக் 'கொஞ்ச'த்தை அங்கேயே விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "பாத்தியா, இத்தனை வருஷமா கத்தினது நான் இல்ல. அந்தச் சுரப்பி!" என்றேன் மனைவியிடம். ஆபரேஷன் அன்று தியேட்டருக்கு வெளியே உட்கார்ந்து அழுதாளாம். அதைக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. வெளியே காட்டிக்கொள்வேனா?

சுரப்பி போனது. கால்சியம் இறங்கியது. சில மாதங்களில் பிரஷரும் இறங்கி, டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாக்கினார். வீட்டுக்கு வந்ததும் மச்சான் உட்பட எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து எண்ணைக் காட்டினேன்.

"நார்மல்!"

செய்யலாமா அதை? ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்ப சொல்லிடலாமா?" என்றான் மகன்.

சொன்னார்கள். திருட்டுப் போனதாக நான் நம்பிக்கொண்டிருந்த ஸ்கூட்டரை மச்சான்தான் மரத்தில் மோதினாராம். மகன் படிப்பது கணக்கு அல்லவாம், சமையலாம். மகள், நான் ஆளைப் பிடித்து வாங்கிக் கொடுத்த பேங்க் வேலையைப் போன வருஷமே விட்டுவிட்டு, லாரி ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டாளாம். ஒரு வீடே எனக்குத் தெரியாமல் வாழ்ந்திருக்கிறது. நான் மெஷினோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

மனைவி நிதானமாகக் கேட்டாள். "பிரஷரும் இறங்கியாச்சு. சுரப்பியையும் எடுத்தாச்சு. இப்பக் கத்துறது யாருங்க?"

"அது வந்து... பழக்கதோஷம்."

"உங்க மேனேஜர் முன்னாடி ஒரு நாளாவது அந்தச் சுரப்பி வேலை செஞ்சிருக்கா?"

மெஷினை எடுத்து அதன் பெட்டிக்குள் வைத்தேன். மகள்தான் பேசினாள். "நாளைக்கு முதல் லோடுப்பா. தனியா ஓட்டிட்டுப் போறேன். வழியனுப்ப வருவீங்களா?" கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"வர்றேம்மா" என்றேன். மெல்லப் பேசிப் பழக்கமில்லாததால் குரல் எழும்பவில்லை. இரண்டாவது தரம் சொன்ன பிறகுதான் அவள் காதில் விழுந்தது.

உங்களுக்குப் பிரஷர் இல்லையா? சந்தோஷம். ஒற்றைத் தலைவலி, வயிற்றுப் புண், வேலைச்சுமை என்று வேறு ஏதாவது பதவியில் இருப்பீர்கள். உங்கள் வீடு அமைதியாக இருக்கிறதா? பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவதில்லையா? கெட்ட செய்தி ஒன்றுகூட உங்கள் காதுவரை வருவதில்லையா? அப்படியானால் நானும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் உடம்புதான் முக்கியம்.