பாரம் ஏற்றாத லாரிக்காரர்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. லாரி ஓட்டிப் பிழைத்திருக்க மாட்டார். லாரியில் ஒரு மூட்டை ஏற்றியிருக்க மாட்டார். ஆனால் எந்த லாரி எந்த வருஷம் எந்தக் கம்பெனியில் என்ன நிறத்தில் ஓடியது என்று கேட்டுப் பாருங்கள். கேட்காவிட்டாலும் சொல்வார். பழைய லாரிப் பிரியர் என்று இவருக்குப் பெயர். மரியாதையாகச் சொன்னால் அப்படி.

அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது தூரத்தில் ஒரு என்ஜின் சத்தம் கேட்கும். நீங்கள் மருந்து எழுதிக்கொடுக்கும் டாக்டராக இருந்தாலும் சரி, சாவுச் செய்தி சொல்ல வந்தவராக இருந்தாலும் சரி, கையைத் தூக்கி உங்களை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி, "ஆறு சிலிண்டர். கனரக வண்டி" என்பார். தெருமுனையில் திரும்பி வருவது மாவு மில்காரரின் வேனாக இருக்கும். "என்ஜினை மாத்திட்டான் பாவி" என்பார். இந்த வகையினர் தோற்றதாகச் சரித்திரமே கிடையாது.

சரித்திரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இவர்களுக்கு உலக யுத்தங்களெல்லாம் பொருட்டில்லை. மாமனும் மச்சானும் சேர்ந்து ஒற்றை லாரியோடு சரக்குக் கம்பெனி ஆரம்பித்ததும், எவனோ கோள் மூட்டிப் பிரிந்ததும், மாமன் வண்டிகளுக்குப் பச்சை அடிக்க மச்சான் வீம்புக்கு மஞ்சள் அடித்ததும், பச்சைக் கம்பெனி நாற்பது வண்டியாகப் பெருகியதும், மஞ்சள் கம்பெனி நொடித்ததும், கடைசியில் இரண்டையும் எங்கிருந்தோ வந்த பெரிய கம்பெனி ஒன்று விழுங்கி ஏப்பம் விட்டதும்தான் இவர்களுக்குச் சரித்திரம். அந்தக் கடைசிக் கட்டத்தில் குரல் கம்மும். சொந்தத் தம்பி கடையை இழுத்து மூடியபோது "அப்படியா" என்று கேட்டுவிட்டுப் பேப்பரைத் திருப்பிய அதே மனிதருக்குத்தான்.

நாம் பார்க்கப்போகிறவர் தபாலாபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு 'மூக்கு லாரி' என்று பெயர். ஓய்வுப் பணத்தைக் கொட்டி அவர் வாங்கிய வண்டிக்கு முன்பக்கம் மூக்கு நீண்டிருக்கும், அதனால் வந்தது. பச்சைக் கம்பெனியின் ஏழாம் நம்பர் வண்டி அது. வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிற்கும். வீட்டுக்குள் மின்விசிறி ரிப்பேராகி இரண்டு வருஷமாயிற்று, ஷெட்டில் ஓடுகிறது. வண்டியின் பின்பகுதிக்குப் புதுத் தேக்குப் பலகை போட்டு, வாரம் ஒரு முறை எண்ணெய் பூசுவார். அதில் ஏற வேண்டுமானால் செருப்பைக் கழற்ற வேண்டும். வாங்கிய நாளாக அதில் ஒரு துரும்பு ஏறியதில்லை.

அவர் மனைவி ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் இது யாருக்கு என்னத்துக்கு உதவும் என்று பார்க்கிற புத்தி. அந்தப் புத்தியோடு இந்த மனிதருடன் எப்படிக் குடித்தனம் செய்தார் என்கிறீர்களா? வார்டில் பழகியவர்களுக்கு, கேட்காதது போல் வேலையைப் பார்க்கத் தெரியும்.

மூன்றாவது தெருவில் பச்சைக் கம்பெனியின் பழைய டிரைவர் ஒருவர் பக்கவாதம் வந்து படுத்திருந்தார். மரக்கட்டில், மெல்லிய மெத்தை. முதுகின் அடியில் காசளவு இருந்த படுக்கைப் புண் உள்ளங்கை அளவாகிவிட்டது. இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அவர் மகள் ஒருத்தியால் அந்த உடம்பை அசைக்க முடியவில்லை. காலையும் மாலையும் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டியது நம்முடையவரின் மனைவிதான். புண் எலும்பைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். வார்டில் எத்தனையோ பார்த்தவர்.

மூக்கு லாரியும் அங்கே போவார். நோட்டுப் புத்தகத்தோடு.

"அண்ணே, எட்டாம் நம்பர் வண்டிக் கதவுல கோடு என்ன நிறம்?"

டிரைவர் உதட்டை நனைத்துக்கொண்டு, "தண்ணி" என்பார்.

இவர் எழுதிக்கொள்வார்: 'தண்ணீர் நிறம். விசாரிக்கவும்.'

இப்படி இருக்கையில், ஆஸ்பத்திரியில் புதுக் கட்டில்கள் வந்து இறங்கின. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும் பழைய கட்டில் ஒன்றையும், அதற்கான காற்று மெத்தையையும் ஸ்டோர்காரரிடம் கேட்டு வாங்கிவிட்டார் மனைவி. நிபந்தனை ஒன்றுதான்: அன்று சாயங்காலம் நாலு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். நாலுக்கு ஸ்டோரைப் பூட்டிச் சாவியைக் காயலான் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவார்கள். வாடகைக்குப் பேசியிருந்த வேன்காரர் இரண்டு மணிக்கு போன் செய்து, அச்சு முறிந்துவிட்டது என்றார். மனைவி நேரே ஷெட்டுக்குப் போனார்.

"என்னங்க, வண்டிய எடுங்க. கட்டில் ஏத்தணும்."

"எந்த வண்டிய?"

"ரெண்டு வச்சிருக்கீங்களா?"

"இதுலயா? இதுல எப்படிம்மா லோடு ஏத்துறது?"

"லாரியில ஏத்தாம பல்லக்குலயா ஏத்துவாங்க?"

"புரியாமப் பேசாத. இது பச்சைக் கம்பெனியோட ஏழாம் நம்பர்."

"அதை ஓட்டினவருக்குத்தாங்க கட்டில். அவர் முதுகு அழுகுது."

அவரும் மனிதர்தானே. துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். "சரி, ஏத்திருவோம். ஆனா முறையா ஏத்தணும்."

முறையா! இந்த வகையினர் வாயில் இந்தச் சொல் வந்தால், அந்த வேலை அன்றைக்கு நடக்காது என்று பொருள். மனைவி அதைக் கவனிக்காமல் கொல்லையில் துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து வந்தார், கட்டிலைக் கட்ட.

"நைலானா!" என்று பாம்பைக் கண்டவர் போல் பின்வாங்கினார். "பச்சைக் கம்பெனியில நைலான் ஏது? என்கிட்ட வந்து முதன்முதலா இந்த வண்டி லோடு ஏத்தப்போகுது, எவனாவது போட்டோ எடுத்தா என் மானம் போயிடும்."

சிக்னல் கிடைப்பதற்காக மொட்டைமாடிக்கு ஏறி, இன்னொரு லாரிப் பிரியரான கணக்கு வாத்தியாருக்கு போன் போட்டார். வாத்தியார், சணல் கயிறு என்றார். இவர், நார்க் கயிறு என்றார். சணல் மஞ்சள் கம்பெனிக்காரன் பழக்கமாம். பச்சைக் கம்பெனியைப் போய் அந்த நொடித்துப்போன மச்சானோடு ஒப்பிடுவதா? வாத்தியார், தன்னிடம் ஆதாரம் இருக்கிறது என்றார். மூன்றாமவர் ஒருவரைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர், கம்பெனி கைமாறுவதற்கு முந்தியா பிந்தியா என்று கேட்டார். அவ்வளவுதான், ஊர் இரண்டுபட்டது.

கீழே மணி மூன்று பத்து.

"கயிறு கட்டிலுக்கா, போட்டோவுக்கா?" என்று மனைவி படியடியில் நின்று கத்தினார்.

"சரித்திரத்துக்கு!" என்று மேலிருந்து பதில் வந்தது.

ஏட்டுச் சுரைக்காயை நம்பி உலை வைக்க முடியுமா? நைலான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி வாசலுக்கு வந்தார். தண்ணீர் கேன் போடுகிறவரின் சரக்கு ஆட்டோ எதிரே நின்றது.

"தம்பி, ஆஸ்பத்திரி வரைக்கும் வா. ஒரு கட்டில் எடுக்கணும்."

"வண்டியில இருபது கேன் இருக்கேம்மா. எங்க இறக்குறது?"

மனைவி ஷெட்டைப் பார்த்தார். தரையில் இடமில்லை. லாரியில் இருந்தது.

"அதுல ஏத்து."

"ஐயோ, செருப்பைக் கழட்டணுமாமே?"

"கழட்டிக்க. சீக்கிரம்."

ஈரம் சொட்டச் சொட்ட இருபது கேன்களும் தேக்குப் பலகையில் ஏறின. மொட்டைமாடியில் நார்க் கயிறு ஜெயித்துக்கொண்டிருந்தது.

மூன்று ஐம்பதுக்கு ஸ்டோர்காரர் பூட்டும் கையுமாக நின்றார். நாலரைக்குக் கட்டில் டிரைவர் வீட்டுக்குள் வந்துவிட்டது. மகள் தோளையும் கேன்காரர் காலையும் பிடிக்க, மனைவி இடுப்பில் கை கொடுத்து, ஒரே மூச்சில் மாற்றினார்கள். மெத்தையில் காற்று ஏறியது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற டிரைவரின் தலை உயர்ந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எதிர்வீட்டுக்காரன் பெயிண்ட் அடிச்சிட்டானா? கண்ராவி" என்றார். நல்ல குணம் தெரிகிறது என்று மனைவி நினைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குத் தெருவில் ஹாரன் சத்தம். மூன்றாமவரிடம் கெஞ்சி வாங்கிய நார்க் கயிறோடு ஆஸ்பத்திரிக்குப் போய், பூட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார் மூக்கு லாரி. ஜன்னலுக்கு நேரே ஏழாம் நம்பரை நிறுத்தி இறங்கினார்.

"வழியெல்லாம் பின்னால தடதடன்னுச்சு. டிஃபரன்ஷியல்தான். சத்தத்தை வச்சே சொல்லிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், டிரைவரின் முகத்தைப் பார்த்து நின்றார். பழைய டிரைவர், பழைய வண்டி! ஒரு கையில் கைக்குட்டையும் மறு கையில் போனும் தயார்.

டிரைவர் வண்டியை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தச் சனியனா? இன்னுமா ஓடுது?"

"அண்ணே?"

"என் முதுகைத் தின்ன வண்டிய்யா இது. முழங்கால்ல என்ஜின் சூடு, சீட்டுக்கடியில கம்பி. பதினோரு வருஷம்."

"இல்லண்ணே, ஏழாம் நம்பர்ல சீட்டு ரொம்ப சொகுசு. கம்பெனி மலர்லயே போட்டிருக்கான்."

"நீ எத்தனை மைல் உக்காந்த?"

மூக்கு லாரி அந்தப் பேச்சை விட்டுவிட்டார். "போகட்டும். கயிறு? சணலா, நாரா?"

"கிடைச்சதைக் கட்டுவோம். ஒரு தடவை முதலாளி வீட்டுத் துணிக்கொடியையே அறுத்துக் கட்டினேன்."

உடைந்துபோவார் என்று நினைத்தீர்களா? உங்களுக்கு இந்த வகையைத் தெரியவில்லை. நோட்டைத் திறந்து, "கொடி எத்தனை முழம் இருக்கும்ணே?" என்றார்.

டிரைவர் மறுபடி ஜன்னலைப் பார்த்தார். "பரவால்லையே, லோடு ஏத்தியிருக்க. அப்பத்தான் பார்க்க லாரி மாதிரி இருக்கு."

மூக்கு லாரி திரும்பினார். கேன்களைக் கண்டார். அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. டிரைவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவேயில்லை.

"கத்தாதீங்க. அவருக்கு இப்பத்தான் கண் செருகுது. போய்க் கேனை இறக்குங்க. தம்பி உங்களுக்காகத்தான் நிக்குது."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். இருபதையும் இறக்கினார். வாழ்நாளில் அவர் இறக்கிய முதல் லோடு.

சிரித்துவிட்டீர்கள், சரி. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் முகமும் நினைவுக்கு வந்திருக்கும். இப்போது உங்கள் மனதில் ஓடும் கேள்வி எது? அந்த மனிதரின் புண் ஆறியதா என்பதா? ஆறியது. இரண்டரை மாதமாயிற்று. இல்லை, ஏழாம் நம்பருக்கு கியர் நாலா ஐந்தா, அதைக் கடைசிவரை சொல்லவேயில்லையே என்பதா? அப்படியானால் அக்கம்பக்கத்தில் தேட வேண்டாம். எழுந்துபோய் முகம் பார்க்கும் கண்ணாடி முன் நில்லுங்கள்.