அன்பின் வெங்காயம், உங்கள் விருப்பு வாக்கு

கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்ப ஆசிரியை. அந்த நான், என் கடவுச்சொல்லை ஒரு வேட்பாளரின் ஆளுக்கு, அவர் கேட்டு முடிக்கும் முன்பே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். எழுத்து விளங்குமோ என்று ஒருமுறை வாசித்தும் காட்டினேன். (பிளேன்ரீயும் வடையும் வேறு. செய்கிற பிழையைக் குறைவைக்காமல் செய்ய வேண்டுமல்லவா.)

ஏன் கொடுத்தேன் என்று சொல்வதென்றால் யசோதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யசோவும் நானும் அக்கராயனில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். எதற்கெடுத்தாலும் கண் கலங்குவாள். கணக்குப் பிழைத்தால் அழுவாள், சரி வந்தாலும் அழுவாள். வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் வெங்காயம். சண்டை எங்கள் பக்கம் நெருங்கியபோது எங்களுக்குப் பதினைந்து வயது. ஊரோடு இடம்பெயர்ந்து போன ஒரு காலையில் அவர்களுடைய ட்ரக்டரும் எங்களுடையதும் ஒரு சந்தியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பிறகு அவர்கள் ஒரு தெருவால் போனார்கள், நாங்கள் மற்றத் தெருவால். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு கதையும் இல்லை. பிரான்சில் இருக்கிறாள் என்றார் ஒருவர். சுவிஸ் என்றார் இன்னொருவர். அவள் உயிரோடு இல்லை என்று சொன்ன ஒருத்தியோடு நான் ஒரு வருடம் கதைக்கவில்லை.

வேலை கிடைத்து, கலியாணமும் முடிந்த பிறகு பேஸ்புக்கில் பழைய மாணவர் குழு ஒன்று தொடங்கினேன். சிதறிப் போன எல்லாரையும் ஒன்றுசேர்க்கும் உயர்ந்த நோக்கம் என்று முகப்பில் எழுதியிருந்தேன். உண்மையில் எனக்கு ஒருத்திதான் தேவைப்பட்டாள். சேருகிறவர்கள் நிரப்ப ஒரு படிவமும் செய்தேன். பெயர், பட்டப்பெயர், பிறந்த நாள், இப்போது இருக்கும் இடம், தொலைபேசி இலக்கம், மறக்க முடியாத ஒரு ஞாபகம். எங்கள் சனம் வரி வரியாக எழுதித் தள்ளியது. இரண்டு வருடத்தில் எல்லாரும் வந்தார்கள். யசோ வரவில்லை.

தேர்தல் வந்தது. கட்சிக்குப் போடுவதோடு, அதில் நிற்கும் ஆளின் இலக்கத்துக்கும் விருப்பு வாக்குப் போடுகிற தேர்தல். ஒரு சனிக்கிழமை காலை சங்கர் வீட்டுக்கு வந்தார். என் கணவர் ரவியோடு முன்னொரு காலத்தில் கிரிக்கெட் விளையாடியவர். இப்போது ஒரு வேட்பாளரின் சமூக ஊடகப் பொறுப்பாளர். வாக்காளர்களை அவர்கள் வாக்காளர்களாகப் பார்ப்பதில்லையாம், உறவுகளாகத்தான் பார்க்கிறார்களாம். என் குழு ஒரு பொக்கிஷமாம். என்னைப் பிரதேச இணைய ஒருங்கிணைப்பாளராகப் போட அண்ணன் (வேட்பாளரைத்தான் சொன்னார்) விரும்புகிறாராம். அந்தப் பதவிப் பெயரை மனதுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு இதமாகத்தான் இருந்தது. இருந்தும் நான் அதற்கு விழவில்லை. தங்களிடம் ஆட்களைத் தேடிப் பிடிக்கிற மென்பொருள் ஒன்று இருக்கிறது என்று போகிற போக்கில் சொன்னாரே, அதற்குத்தான் விழுந்தேன்.

"வெளிநாட்டில இருக்கிற ஆளையும் பிடிக்குமோ?" என்று கேட்டேன்.

"பேரும் பிறந்த நாளும் இருந்தாக் காணும் ரீச்சர். கூடத் தகவல் குடுத்தா இன்னும் கெதியாப் பிடிக்கும்."

கடவுச்சொல் துண்டு கைமாறியது அப்போதுதான், குழுவும் படிவமும் அந்தக் கணக்கில்தான் இருந்தன. கூடத் தகவல் என்று அவர் சொன்னது ஒரு வரியோ இரண்டு வரியோ. நான் மறுநாள் பின்னேரம் முழுக்க இருந்து படிவத்தில் யசோவுக்கு ஒரு வரிசையை நானே நிரப்பினேன். ஒரு குடைக்குள் இரண்டு பேரும் ரியூசனுக்குப் போய் இரண்டு பேருமே நனைந்தது, என் சோற்றை அவளும் அவள் புட்டை நானும் மாறிச் சாப்பிட்டது, சரஸ்வதி பூசையில் அவள் பாட்டை மறந்து மேடையில் அழுதது, இடது புருவத்துக்கு மேலே இருக்கும் வெட்டுக்காயம். ரவி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "இது படிவமோ தொடர்கதையோ?" என்று கேட்டார். எழுத எழுத அவள் பக்கத்துக் கதிரையில் இருக்கிற மாதிரி இருந்தது. எழுதி முடிந்துவிடுமே என்றுதான் கவலையாக இருந்தது.

அந்தப் புதன்கிழமை ஒன்பதாம் வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த பாடத்தின் தலைப்பு, தனிப்பட்ட தகவல்களின் பாதுகாப்பு. (சத்தியமாக.) மேசையிலிருந்த பைக்குள் போன் விறைத்து விறைத்து நடுங்கியது. அதை நிறுத்தப் போன நேரம் எங்கள் பள்ளிக்கூட அதிபர் வாசலில் வந்து நின்றார். அவரும் அக்கராயனில் படித்தவர், எங்களுக்குப் பல வருடம் மூத்தவர். ஆசையாகக் கேட்டுக் குழுவில் சேர்ந்தவர். கையில் இருந்த போனை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து மெதுவாக வாசித்தார். முன்வாங்குப் பிள்ளைகளுக்குக் கேட்கிற அளவு மெதுவாக.

"அன்பின் கொக்கு. வகுப்புக்குள் சாரைப்பாம்பு வந்து எல்லாரும் மேசையில் ஏறியதை மறக்க முடியுமா? அந்தப் பொற்காலம் மீண்டும் வர, எங்கள் அண்ணனுக்கு உங்கள் விருப்பு வாக்கைத் தாருங்கள். இப்படிக்கு, உங்கள் பாசமுள்ள சுகந்தி."

வாசித்து முடித்து என்னைப் பார்த்தார். "ரீச்சர், பாம்பு திரும்பி வாறதுக்கு நான் ஏன் வாக்குப் போடவேணும்?"

சங்கரின் மென்பொருள், படிவத்தில் பெயர் இருந்த நிரலை விட்டுவிட்டுப் பட்டப்பெயர் நிரலை எடுத்திருந்தது. கடைசி நிரலில் இருந்த ஞாபகத்தைத் தூக்கி வசனத்துக்கு நடுவில் செருகியிருந்தது. எல்லாம் என் கணக்கிலிருந்து, என் பெயரில். குழுவில் ஒருவர்கூட மிச்சமில்லை. படிவத்தில் சோம்பலில் "ஒன்றும் ஞாபகமில்லை" என்று எழுதியிருந்த ஒருவருக்கு, "அன்பின் மொட்டை, ஒன்றும் ஞாபகமில்லை என்பதை மறக்க முடியுமா?" என்று போயிருந்தது. இடைவேளைக்குள் எங்கள் பள்ளிக்கூட மதிலில் ஒரு கொக்கு நின்றது. கரிக்கோடுதான், ஆனால் கண்ணாடி போட்ட கொக்கு.

சங்கருக்குப் போன் எடுத்தேன். மனிதர் சந்தோசத்தில் இருந்தார். எல்லாரும் திறந்து வாசித்திருக்கிறார்களாம், இப்படி ஒரு வரவேற்பை அவர்கள் கண்டதே இல்லையாம்.

அன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது தேவி அக்கா எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்தா. முன்பள்ளியில் படிப்பிக்கிறவா, யாரோடும் அதிகம் கதைக்காதவா. அவாவின் அண்ணா சண்டைக் காலத்தில் காணாமற்போனவர். படிவத்தில் ஞாபகம் என்ற இடத்தில் அவா எழுதியிருந்தது அவரைப் பற்றித்தான். அண்ணா பஸ்ஸில் ஏறிக் கையைக் காட்டியது. அதற்குப் பின்னால் "மறக்க முடியுமா" வந்திருந்தது. அதற்குப் பின்னால் பொற்காலமும் விருப்பு வாக்கும்.

நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன். அவா கையால் என்னை நிறுத்தினா.

"இதை வாசிச்ச ஆள் ஆர் பிள்ளை?"

ஒருவரும் வாசிக்கவில்லை, கொம்பியூட்டர் தானாக எடுத்துப் போட்டது என்று உண்மையைச் சொன்னேன். அவா போனைத் திருப்பி மடியில் வைத்தா.

"ஆரோ வாசிச்சிட்டுத்தான் எழுதியிருக்கினம் எண்டு நினைச்சன்," என்றா. பிறகு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனா. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவா போன பிறகுதான் என் பேஸ்புக்கைத் திறந்து பார்க்கத் துணிவு வந்தது. போன செய்திகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டு போனேன். ஓரிடத்தில் கை நின்றது.

மென்பொருள் யசோவைப் பிடித்திருந்தது.

நோர்வேயில் இருந்தாள். கணக்கு அவளை வீட்டில் கூப்பிடும் பெயரில். படத்தில் தடித்த ஜக்கெட்டும், சிரிக்காத வாயும், இடது புருவத்துக்கு மேலே அந்த வெட்டுக்காயமும். பதினைந்து வருடத்துக்குப் பிறகு நான் அவளுக்குச் சொன்ன முதல் வார்த்தைகள் அந்தப் படத்துக்குக் கீழே இருந்தன.

"அன்பின் வெங்காயம், ஒரு குடைக்குள் இருவரும் நனைந்ததை மறக்க முடியுமா?" என்று தொடங்கி, நான் ஞாயிற்றுக்கிழமை எழுதியது முழுவதும் ஒன்றுவிடாமல் ஓடி, கடைசியில் அண்ணனின் படமும் விருப்பு இலக்கமும்.

அதற்கு அவள் எழுதிய மறுமொழியும் இருந்தது. "நீங்கள் ஆர் எண்டு தெரியாது. எனக்கு அங்க வாக்கு இல்லை. சுகந்தியின்ர பேரை இதுக்கு எடுக்காதேங்கோ." அதோடு நான் இனி எழுத முடியாமல் தடுத்துவிட்டிருந்தாள்.

அவளுக்கு என் பெயர் அப்படியே ஞாபகம் இருந்தது. அந்த ஒரு வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது.

மறுநாள் ரவியின் கணக்கிலிருந்து எழுதினேன். நான்தான், உண்மையான சுகந்திதான் என்று தொடங்கி, நடந்த கூத்தைச் சொல்லி, சரஸ்வதி பூசையை ஞாபகப்படுத்தினேன். அதெல்லாம் உங்கள் பட்டியலில் இருக்கிறதுதானே என்று பதில் வந்தது. நியாயம்தான். எங்களுக்குள் இருந்த நல்ல ஞாபகம் எல்லாவற்றையும் நான்தான் சங்கரிடம் கொடுத்து முடித்திருந்தேன். நான் நான்தான் என்று காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. குரலில் பேசி அனுப்பினேன். குரலையும் இப்போது கொம்பியூட்டர் செய்கிறதாம். (இதைத்தான் நான் பத்தாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறேன்.) வீடியோவில் எடுத்தால் அவள் தூக்கவில்லை.

நாலு நாளைக்குப் பிறகு அவளே எழுதினாள். கடைசி நாள் அந்தச் சந்தியில் சுகந்தியிடம் தான் ஒன்று கேட்டதாகவும், அது என்ன என்று சொன்னால் நம்புவதாகவும்.

நான் மூன்று நாள் யோசித்தேன். அந்தக் காலை எனக்கு முழுதாக ஞாபகம் இருந்தது. அவர்களின் ட்ரக்டருக்குப் பின்னால் கொழுவியிருந்த பெட்டியில் கட்டியிருந்த ஆடு, அவள் மடியில் இருந்த சமையல் பானை, தெருவில் எழும்பிய புழுதி. அவள் கேட்டது மட்டும் இல்லை. ஏதாவது பொதுவாக எழுதிவிடச் சொன்னார் ரவி. கவனமாகப் போ என்று சொல்லியிருப்பாவாம். அது கேள்வி இல்லையே என்றேன். "எங்க போறீங்கள்?" என்று எழுதி அழித்தேன். "திரும்ப எப்ப காணுவம்?" என்று எழுதி அழித்தேன். இரண்டுமே நன்றாக இருந்தன. சங்கரின் மென்பொருள் எழுதுகிற மாதிரி நன்றாக இருந்தன. அதற்குப் பிறகு உண்மையையே எழுதினேன்.

"எனக்குத் தெரியாது யசோ. ட்ரக்டர் இரைச்சலில நீ கேட்டது எனக்குக் கேக்கேல்லை. உன்ர வாய் அசைஞ்சதைத்தான் கண்டனான். சும்மா தலையாட்டிப்போட்டன்."

ரவியின் போன் அடித்தது. நான் காதில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"எடி சுகி," என்றாள். "இதை அவங்கள் எழுதமாட்டாங்கள்."

இரண்டு பேரும் அழுது முடிக்க நேரம் எடுத்தது. பிறகு, அன்றைக்கு நீ கேட்டதுதான் என்ன என்று நான் கேட்டேன்.

"எங்கட பெட்டியில இடம் இருக்கு, நீ எங்களோட வாறியா எண்டு கேட்டனான். நீ ஓம் எண்டு தலையாட்டினனீ. அப்பா வளைவு தாண்டி அரை மணித்தியாலம் ட்ரக்டரை நிப்பாட்டி வைச்சவர். பிறகு அங்க நிக்க ஏலாமப் போச்சு."

அவளை இத்தனை வருடம் தேடினேன் என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எனக்காக அந்த வளைவில் நின்றது எனக்குத் தெரியாது.

வேட்பாளர் தோற்றார். எங்கள் குழுவில் பாதிப் பேர் தாங்கள்தான் தோற்கடித்ததாகச் சொல்லித் திரிகிறார்கள். படிவத்தை அன்றைக்கே அழித்தேன். தங்களிடம் இருந்த பிரதியையும் அழித்துவிட்டதாகச் சங்கர் சத்தியம் செய்தார். ஆனால் அடுத்த தேர்தலில் வேறொரு கட்சியிலிருந்து அதிபருக்கு "அன்பின் கொக்கு" என்று செய்தி வந்தது. இனி ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும் போல. அவர் இப்போது வந்தவுடன் என்னிடம் கொண்டுவந்து காட்டுவதோடு சரி, கேள்வி கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் நான் எதற்குத் தலையாட்டினாலும் ரவி, "கேட்டு ஆட்டினதோ, சும்மா ஆட்டினதோ?" என்று கேட்பார். மகளும் இப்போது கேட்கப் பழகிவிட்டாள். கடைக்காரர் முன்னாலும் கேட்பாள், வகுப்பாசிரியை முன்னாலும் கேட்பாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ரவி இந்தக் கதையை முதலிலிருந்து சொல்வார். வளைவுவரை வரமாட்டார், தலையாட்டியதோடு நிறுத்திவிடுவார்.

யசோ இன்னும் வரவில்லை. லீவு இல்லை, பிள்ளைக்குச் சோதினை என்று ஒவ்வொரு வருடமும் ஒவ்வொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கிறோம். போன கிழமை மழை. லைன் வெட்டி வெட்டி வந்தது. திரையில் அவள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ரவி கதவடியில் நின்று என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கேல்லை யசோ," என்றேன். "திருப்பிக் கேள்."