மாமனார் வீட்டுக் குளியலறைக்கு வெல்லம் பூசிய கதை

சரித்திர வாத்தியார்களை ரிப்பேர் வேலைக்குப் பக்கத்திலேயே விடக்கூடாது. அந்தக் காலத்தில் எதை எப்படிச் செய்தார்கள் என்று அவர்களுக்குப் பாதி தெரியும். மீதிப் பாதி தெரியாது என்பதும் தெரியாது. நான் சரித்திர வாத்தியார்.

அது யுத்த காலம். எனக்குத் திண்டிவனத்தில் வேலை. கல்யாணமாகிப் பல மாதம் ஆகியும் கமலா செஞ்சியில் தன் அப்பா வீட்டிலேயே இருந்தாள். ஒரே பெண்; கடைத்தெருவில் வீட்டு முன்கட்டிலேயே மளிகைக் கடை வைத்திருந்த என் மாமனாருக்கு அவளை அனுப்ப மனம் வரவில்லை. நான்தான் சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து, மனைவியைப் பார்த்துவிட்டுப் போவேன். (ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்த்துவிட்டு வருகிற மாதிரி!)

அந்த வீட்டின் பெருமையே சுவர் முழுக்க வெள்ளை டைல் பதித்த குளியலறைதான். டைல் இடுக்குகளில் சாந்து உதிர்ந்து, தண்ணீர் பின்னால் இருந்த கடைக் கிடங்கில் கசிந்து, பருப்பு மூட்டைகள் நனைந்துகொண்டிருந்தன. சிமெண்டோ கண்ணில் காணக் கிடைக்கவில்லை. நான் சரிசெய்கிறேன் என்று வாயைக் கொடுத்தேன். மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"செய்ங்க மாப்ளே. ஒரு செவுத்த ஒழுங்கா அடைச்சிட்டீங்கன்னா, பொண்ண அனுப்புறதப் பத்திப் பேசலாம்."

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? நம் செஞ்சிக் கோட்டை என்ன சிமெண்டிலா நிற்கிறது, சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும்தானே என்று மாமியாரை நிற்க வைத்துப் பாடம் நடத்தினேன். கடுக்காயையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு நாள்கணக்கில் புளிக்கவிட வேண்டும். எனக்கு ஞாயிறு சாயங்காலம் பஸ். அதனால் புளிக்கவில்லை. கடையில் கடுக்காய் எங்கோ மூலையில் கிடந்தது, வெல்லம் வாசலிலேயே இருந்தது. அளவை அதுதான் தீர்மானித்தது.

கமலாவின் கொண்டை ஊசியால் பழைய சாந்தைச் சுரண்டி எடுத்து, புதுச் சாந்தை விரலால் அப்பினேன். தண்ணீர் இறங்காமல் இருக்க மேலே ஒரு பூச்சு வேண்டுமல்லவா? கெட்டியாக வெல்லப்பாகு காய்ச்சித் தேங்காய் நாரால் பூசிவிட்டேன். (இது எந்தக் கோட்டையிலும் இல்லாத முறை. என் சொந்தக் கண்டுபிடிப்பு.) சாந்து காயும்வரை, அதாவது அடுத்த சனிக்கிழமை வரை, எல்லோரும் கிணற்றடியிலேயே குளிக்க வேண்டும், கமலா மட்டும் தினமும் எட்டிப் பார்க்கலாம் என்று உத்தரவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன்.

சனிக்கிழமை நான் வந்து இறங்கும்போது, மாமனார் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க்கொண்டிருந்தார். உள்ளே ஒரே இருட்டு. காலைத் தேய்க்கச் சுவரில் கையை ஊன்றியிருக்கிறார். பித்தளைச் செம்பு உருளும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் கோவணத்தோடு முற்றத்துக்கு ஓடி வந்தார். மேலெல்லாம் செவ்வெறும்பு. எண்ணெயில் கை வழுக்கி, ஒன்றைக்கூடப் பிடுங்க முடியவில்லை. கடைக்கு வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

விளக்கை எடுத்துப்போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு இடுக்கிலும் எறும்பு வரிசை. சுவர் முழுக்கச் சிவப்பில் கட்டம் போட்டிருந்தது. சாந்தைத் துளைத்துக்கொண்டு கிடங்கின் வெல்ல மூட்டை வரைக்கும் பாதை போட்டிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி ஆயுசுக்கும் சனிக்கிழமை பஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கிணற்றடியில் குளித்துவிட்டு வந்த மாமனார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"கமலா, பொட்டியக் கட்டும்மா. மாப்ள இன்னும் நாலு வாரம் இங்க வந்து போனாருன்னா, கோட்டைக்கு ஆன கதிதான் நம்ம வூட்டுக்கும்."

திண்டிவனம் பஸ்ஸில் கமலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எறும்பு செவ்வாக்கெழமயே வந்துடுச்சிங்க."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குச் சொல்லணும்? நைனா எப்படியும் சனிக்கெழம எண்ணெ தேச்சிக்குனு உள்ள போவாரு."

இந்தக் கதை எங்கள் குழந்தைகளுக்கெல்லாம் மனப்பாடம். சென்ற வருஷம் எங்கள் சின்னப் பெண்ணுக்குத் தனிக்குடித்தன ஆசை வந்தது. அவளுடைய மாமனாரும் மாமியாரும் லேசில் விடுகிறவர்களாக இல்லை. அவள் என்னிடம் சிபாரிசு எதுவும் கேட்கவில்லை. "அப்பா, எங்க வூட்டு பாத்ரூம்ல டைல் இடுக்கெல்லாம் உதிருது, நீங்க ஒரு தடவ வந்து பாக்கணும்" என்றாள்.