என் பின்னால் ஆள் இல்லை என்பது பற்றி

கரமனை, திருவனந்தபுரம்
செவ்வாய்க்கிழமை, மாலை

மதிப்புக்குரிய வேலப்பன் அத்தானுக்குக் கோலப்பன் வணக்கம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், வடிவம்மாள் அக்காள் மாத்திரையைத் துப்பாமல் விழுங்குகிறாள் என்றும் நம்புகிறேன். இங்கு நான் நலம். நலமில்லை என்று யார் சொல்லியிருந்தாலும் அது பொய்.

நான் தேர்வில் தோற்றதைக் கேள்விப்பட்டு, "அறுபத்திமூணு வயசுல என்னவே பரீட்சை? கரண்டிய வச்சிட்டு நாகர்கோவிலுக்கு வந்து எங்க கூட இரும்" என்று போனில் சொன்னீர்கள். நான் வரமாட்டேன். தம்பானூர் ஹோட்டலில் முப்பத்தெட்டு வருடமாக அடுக்களை என் பொறுப்பு. சமையலை எந்தப் பள்ளிக்கூடமும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பார்த்தும் கையைச் சுட்டுக்கொண்டும் படித்தேன். இப்போது அடுக்களைப் பொறுப்பாளர் உணவுப் பாதுகாப்புத் தேர்வில் தேறியிருக்க வேண்டுமாம். முதலாளி பத்மகுமார், "மாஸ்டரே, இந்த மாசம் சர்ட்டிபிகேட் கிட்டலைன்னா வேற ஆள வைக்கணும், எனக்கு வேற வழியில்லா" என்று சொல்லி, தன் லேப்டாப்பையும் கொடுத்தார். வீட்டிலிருந்தே எழுதலாம். காமிரா நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் வேறு ஆள் தெரிந்தால் எச்சரிக்கும், மூன்றாவது முறை தேர்வையே மூடிவிடும்.

நான் தனி ஆள் என்பது தாங்கள் அறிந்ததே. காலை பதினொரு மணி, ஜன்னல் நிறைய வெயில். சமைத்த பண்டத்தை எத்தனை டிகிரிக்கு மேல் வைத்திருக்க வேண்டும் என்ற பதினெட்டாவது கேள்வியில், 'அறையில் இரண்டாவது முகம்' என்று திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. திரும்பினேன். சுவர்தான் இருந்தது. இருபத்தி மூன்றாவது கேள்வியில் மறுபடியும் வந்தது. எழுந்துபோய் கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கடியில் எல்லாம் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், மூன்றாவதும் வந்தது, தேர்வு மூடிக்கொண்டது. உடனே உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். நீது என்று ஒரு பெண் பேசினாள். பதிவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சாரே, பின்னாடி ஒராள் உண்டு. வயசானவர், கண்ணாடி வச்சிருக்கார்." "எப்படி இருக்கார்?" என்று கேட்டேன். "சாரைப் போலத்தான் இருக்கார். சார் எழுந்து கட்டிலுக்கடியில பார்த்தப்போ, அவர் சாரோட நாற்காலியில உக்காந்து கேள்வி வாசிச்சார்."

இதற்கெல்லாம் பயப்படுகிற ஆள் நானில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. பதில் தெரிந்தவர் என்றால் வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம், தெரியாதவருக்கு அங்கே என்ன வேலை? பத்மகுமார் ஒரு மந்திரவாதியைக் கூட்டி வருகிறேன் என்றார். "படிச்சுத் தேற வேண்டிய பரீட்சைக்கு மந்திரவாதி என்னத்துக்கு முதலாளி?" என்று அனுப்பிவிட்டேன். மறு தேர்வு வியாழக்கிழமை. நான்கு நாள் லீவு போட்டுப் படிக்கிறேன். முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடினேன், சுவரிலிருந்த படங்களைக் கழற்றினேன், இன்னொரு நாற்காலியை மூலையில் போட்டு, "இருக்கணும்னா அங்க இரும். காமிரா முன்னால வரப்பிடாது" என்று உரக்கச் சொல்லியும்விட்டேன். மறுநாள் காலை அந்த நாற்காலி மேசையருகில் கிடந்தது. உட்காரும் இடம் சுடச்சுட இருந்தது.

புத்தகத்தைத் திறந்தால் நான் இன்னும் தொடாத ஏழாம் பாடம் முழுக்கப் பென்சில் குறிப்பு. என் கையெழுத்துதான். நான் எழுதவில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீரைப் பற்றி நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்ததை ஓரத்தில் திருத்தி, 'இதுகூடத் தெரியாதா' என்று வேறு எழுதியிருந்தது. திருத்தம் சரியாக இருந்தது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பக்கம் முழுவதையும் ரப்பரால் அழித்துவிட்டு, அதையே என் கையால் எழுதினேன். இன்று காலை லேப்டாப் பக்கமே போகாமல் சாலைக் கடைவீதியில் புடலங்காய் வாங்கிக்கொண்டே பாடம் முழுவதையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை. வியாழக்கிழமை நான் தேறுவேன், என் அடுக்களைக்குத் திரும்புவேன். ஆகவே தாங்கள் எனக்காக ஒரு ஏற்பாடும் செய்ய வேண்டாம்.

அக்காளுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும். குடும்பத்தில் எல்லாரும் அவரவர் இடத்தில் சுகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
கோலப்பன்

பின்குறிப்பு: புதன், மதியம். தபாலில் சேர்க்குமுன் இதை எழுதுகிறேன். போனில் செய்தி வந்திருக்கிறது. தேர்வுத் தேதியை நானே மாற்றிக்கொண்டு, நேற்றுப் பதினொரு மணிக்கு எழுதி, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கித் தேறிவிட்டேனாம். 'தேர்வு முடியும்வரை அறையில் ஒரே முகம்' என்றும் போட்டிருக்கிறது. பத்மகுமாரைப் போனில் கூப்பிட்டேன். "ஆரு பேசுறது? எங்க மாஸ்டர் சர்ட்டிபிகேட்டோடு காலையிலேயே வந்து அடுக்களையில நிக்காரே" என்று சிரித்துவிட்டு, போனை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தார். தாளிக்கிற சத்தம் கேட்டது. பிறகு என் குரல், "யாருவே அது, வேலை நேரத்துல?" என்று அதட்டியது. நான் போனை வைத்துவிட்டேன். வேலை நேரத்தில் போனில் கூப்பிட்டால் எனக்கும் பிடிக்காது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் நாகர்கோவிலுக்கு வருகிறேன்.