செவ்வந்தி தாண்டிய கேட்

உயரம் தாண்டுதலில் மாநிலத்திலேயே முதலாவதாக வந்த செவ்வந்தி உயரம் தாண்டினாளா என்று அரசாங்கத்துக்கு ஒரு சந்தேகம் இருந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர் வேலைக்கு அவள் மனு போட்டிருந்தாள். 'மேற்படியார் தாண்டியது உண்மை' என்று கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகம் சான்று தர வேண்டும். எந்த அலுவலகம் என்பது நமக்கு வேண்டாம். எல்லாவற்றிலும் அதே நாற்காலிதான்.

முதல் தடவை கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து தங்கப் பதக்கத்தைக் காட்டினாள். "இதெல்லாம் கடையில விக்குதும்மா" என்றார் எழுத்தர் தெய்வசிகாமணி. இரண்டாம் தடவை பத்திரிகையில் வந்த போட்டோவை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுல நீ கம்புக்கு மேல இருக்கிற. கீழ எறங்கினதுக்கு ஆதாரம் இன்னா?"

"எறங்காமலா சார் உங்க முன்னால நிக்கிறேன்?"

"அது உன் வாய்மொழி. கோச்சுகிட்ட எழுதி வாங்கிக்கினு வா."

கடைசித் தேதி எண்பத்தேழு செப்டம்பரில் வந்தது. அந்த வாரம் இடஒதுக்கீட்டுப் போராட்டம். மறியலுக்காக ரோடெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. கோச் எழுதிய கடிதத்தோடு செவ்வந்தி விடியுமுன் நடக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு மரமாகத் தாண்டினாள். காவலுக்கு நின்ற இளைஞர்கள் முதலில் முறைத்தார்கள். கச்சிராயபாளையத்துக்கு வருவதற்குள், "இன்னொரு வாட்டி தாண்டும்மா, பார்க்கலாம்" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நாலரை மணிக்கு அலுவலகத்தை அடைந்தாள். பாதுகாப்பு கருதி இரும்புக் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். உள்ளே தெய்வசிகாமணி நின்றார்.

"சார், இன்னிக்குத்தான் கடைசி நாளு."

"கேட்டத் தொறக்க உத்தரவு இல்லம்மா."

"கம்பி வழியா வாங்கிக்குங்க."

"மனுதாரர் நேர்ல ஆஜராவணும்."

"அப்போ உள்ள வந்தா வாங்கிக்குவீங்களா?"

"ஏன் வாங்க மாட்டேன்? அதுக்குத்தான சம்பளம்."

செவ்வந்தி தாவணியை இறுக்கிச் செருகினாள். பன்னிரண்டு எட்டு வைத்துப் பின்னால் போய், ஓடி வந்தாள். ஜன்னலில் நின்ற ஊழியர்கள் அத்தனை பேரும் பார்க்க, கேட்டில் கால்கூட உரசாமல் உள்ளேயிருந்த மணல் குவியலில் வந்து விழுந்தாள். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, கடிதத்தை நீட்டினாள்.

தெய்வசிகாமணி முத்திரை குத்தினார். அதிகாரி போலீசுக்குப் போன் செய்தார்.

ஏட்டு வந்து கேட்டை நாடாவால் அளந்தார். ஐந்தடி ஐந்து அங்குலம். 'அத்துமீறித் தாண்டினார், பின்னர் கீழே இறங்கினார்' என்று எழுதினார். ஒன்பது ஊழியர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். செவ்வந்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சார், இப்போ ஆதாரம் ஆச்சில்ல?"

"முழு ஆதாரம்மா" என்றார் தெய்வசிகாமணி. சான்றும் அப்போதே கையெழுத்தானது. பிறகு அவர் விதிமுறையின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "ஆனா, கேஸ் இருக்கிறவங்களுக்கு வேலை இல்ல."

"கேஸ வாபஸ் வாங்குங்க சார்."

"வாங்கலாம். வாங்கினா நீ தாண்டலன்னு ஆயிடும். சான்று ரத்து."

வழக்கு நாலு வருஷம் நடந்தது. வாய்தாவுக்கு வாய்தா மலையிலிருந்து இறங்கி வந்தாள். இடையில் வேலைக்கான வயது வரம்பையும் தாண்டினாள். அந்த ஒரு தாண்டலை மட்டும் அரசாங்கம் சான்று கேட்காமல் ஒப்புக்கொண்டது.

கடைசியில் தெய்வசிகாமணிக்கே மனம் இளகியது. 'நான் எதையும் பார்க்கவில்லை' என்று சாட்சி சொன்னார். மற்ற எட்டுப் பேரும் அப்படியே சொன்னார்கள். நீதிபதி தீர்ப்பு வாசித்தார்: "இவ்வளவு உயரத்தை ஒரு பெண் தாண்டியிருக்க இயலும் என்பது நம்பத்தக்கதாக இல்லை. எதிரி விடுதலை."

"தாண்டினேங்க அய்யா!" கூண்டிலிருந்து கத்தினாள் செவ்வந்தி. "சத்தியமா தாண்டினேன்! இப்பகூடத் தாண்டிக் காட்டுறேன்!"

அப்பா சடையன் ஓடி வந்து அவள் வாயைப் பொத்தினார். "சும்மா இரு கண்ணு. கெட்ட பேரு போச்சு."

கோர்ட்டில் எல்லாரும் கைதட்டினார்கள். வக்கீல்கள், ஏட்டு, பஸ் பிடித்து வந்திருந்த ஊர்க்காரர்கள், எல்லாரையும்விட பலமாகத் தெய்வசிகாமணி. மாநிலப் போட்டியில் ஜெயித்த அன்றைக்குக்கூட அவளுக்கு இத்தனை கைதட்டல் கிடைக்கவில்லை.