நாற்பத்து மூன்று பிழைகள்

"ஏங்க, இந்தக் கட்டெல்லாம் எப்பதான் காலேஜுக்குப் போகும்? கட்டிலுக்கு அடியில துடைப்பத்த விட்டா உங்க நுண்கணிதம்தான் வந்து விழுது."

மனைவி காட்டிய விற்காத புத்தகக் கட்டைக் கணக்குப் பேராசிரியர் காலால் மறுபடி உள்ளே தள்ளினார். வேறென்ன செய்வார்? அன்று காலையில்தான் கல்லூரிப் பலகையில் ஒட்டியிருந்தார்கள்: முதலாண்டு மாணவர்கள் இணையத்தில் கிடைக்கும் இலவசப் பாடநூலையும் படிக்கலாம், இரண்டில் எது நிலைப்பது என்று பருவ முடிவில் குழு தீர்மானிக்கும்.

அதுவரை நிலைத்திருந்தது அவர் எழுதிய புத்தகம். எழுதியது என்று பெயர். வருடத்துக்கொரு பதிப்பு வரும். அட்டை பச்சையிலிருந்து நீலமாகும், பயிற்சிக் கணக்குகள் வரிசை மாறும். அந்த மாற்றமும் அவர் மனைவி டிவி பார்த்துக்கொண்டே செய்வது. அண்ணன் புத்தகம் தம்பிக்கு ஆகாமல் போக அவ்வளவு போதுமே! உள்ளே என்ன இருக்கிறதென்று அவரே திறந்து பார்த்துப் பல பதிப்புகள் ஆயின. மாணவர்கள் அவரை அந்தந்த வருடப் பதிப்பின் எண்ணால்தான் அழைப்பார்கள். இந்த வருடம் அவர் பதினாலு.

"சும்மா கிடைக்கறதுல என்ன இருக்கும்? குப்பைதான் இருக்கும்" என்று சூளுரைத்து, ஒரு வாரம் இலவசப் புத்தகத்தைக் குடைந்தார். கிடைத்தது ஒரே ஒரு கழித்தல் குறி. அதற்கு மூன்று பக்கக் கண்டனம் எழுதி அனுப்பினார்.

சாயங்காலமே திருத்திவிட்டார்கள். போதாக்குறைக்கு முதல் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டு நன்றி வேறு.

"சார், இலவசப் புத்தகத்துல உங்க பேரு! நீங்களும் அந்தக் கூட்டம்தானா? சொல்லவே இல்ல!" என்று வகுப்பே கைதட்டியது.

அடுத்து, திரையில் படித்தால் கண் அவிந்துபோகும் என்று ஆசிரியர் அறையில் முழங்கினார். அது நூலக அக்காவின் காதில் விழுந்தது. மறுவாரமே இலவசப் புத்தகத்தில் இருபது பிரதி அச்செடுத்து, பைண்டு போட்டு, அவருடைய புத்தகத்துக்குத் தோளோடு தோளாக அடுக்கிவிட்டாள்.

அப்போதுதான் அந்த மகா மூளை நோட்டு யோசனையைப் பெற்றெடுத்தது.

"இந்தாம்மா, இத மேசை மேல வை. கணக்குப் புத்தகத்துல பசங்க பிழை கண்டா இதுல எழுதட்டும்."

அக்கா ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"கேள்வியெல்லாம் வேணாம். சொன்னதச் செய்!"

பருவ முடிவில் நோட்டு நிரம்பி வழிந்தது. நாற்பத்து மூன்று! மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. "கட்டெல்லாம் நாளைக்கே காலியாகுது பாரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் குழுக் கூட்டத்துக்குப் போனார். நூலகத்தின் சார்பில் அக்காவும் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

"கேளுங்க! பக்கம் அறுபத்தொண்ணு: சைனோட வகைக்கெழு மைனஸ் காஸாம்! பக்கம் தொண்ணூறு: கணக்கு ஒண்ணு, விடை வேற ஒண்ணு. இதெல்லாம் மாடு மேய்க்கிறவன் கூட எழுத மாட்டான்!"

முதல்வர் முகம் சுளித்தார். "இவ்வளவு மோசமா?"

"இன்னும் நாப்பத்தொண்ணு இருக்கு சார். எழுதினவனுக்குக் கணக்கும் தெரியாது, வெக்கமும் கிடையாது. தீர்மானம் போடுங்க: பத்துக்கு மேல பிழை இருக்கிற புத்தகம் இந்தக் காலேஜ் வாசலுக்குள்ள வரக் கூடாது. எந்தக் காலத்துலயும்!"

எழுதினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து அவருடையது. கடைசிச் சுழியைக் கொஞ்சம் நீட்டியே போட்டார்.

"அப்ப இலவசப் புத்தகத்த அலமாரியிலேருந்து எடுத்துடும்மா" என்றார் முதல்வர்.

அக்கா எழுந்து நின்றாள்.

"அத எதுக்கு சார் எடுக்கணும்? அதுல பிழை பாத்தா பசங்க நேரா எழுதிப் போட்டு அன்னைக்கே திருத்த வெச்சிடறாங்க. திருத்த ஆளே இல்லாத சாரோட பதினாலாம் பதிப்புக்குத்தான் இந்த நோட்டு."