டெலிபோன் இல்லாத ஊர் தேடிய டிரங்கால் அக்கா

டிரங்கால் அக்கா, நீ போய் இன்றோடு நாற்பத்தோரு நாள். உன் கோழிகள் இரண்டும் இன்னும் உன் கட்டிலுக்கு அடியில்தான் முட்டையிடுகின்றன. விரட்ட மனம் வரவில்லை.

காஞ்சிபுரத்தில் எல்லோரையும் தெரிந்தவளும் அக்காதான், ஒருவரையும் தெரியாதவளும் அக்காதான். இதை வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் ஐந்தாவது வரை படித்தவள். தறி வீடுகளுக்குப் பட்டு நூலைக் குச்சியில் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறேன். தப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு டெலிபோன் ஆபீஸில் ஆபரேட்டர் வேலை. இந்த ஊரில் யார் யாரோடு பேச வேண்டுமானாலும் முதலில் அக்காவோடு பேசியாக வேண்டும். பம்பாய்க்குப் புடவை போகிற சேதியும் பெங்களூரில் பேரன் பிறந்த சேதியும் அவள் காது வழியாகத்தான் போகும். அதனால் ஊரின் அத்தனை குரலும் அவளுக்கு அத்துப்படி. முகம் ஒன்றுகூடத் தெரியாது. பெயரும் தெரியாது. எல்லோரும் அவளுக்கு நம்பர்தான்.

ஒரு வருஷம் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்குப் போயிருந்தோம். எங்களுக்கு முன்னால் பட்டு வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் யாரையோ அதட்டிக்கொண்டு நின்றார். அக்கா அவர் தோளைத் தட்டினாள்.

"இருநூத்தி ஏழு, கொஞ்சம் ஒத்துங்க. சாமி தெரியல."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா நீ?"

"என்னைத் தெரியாதுங்க. இருமல் எப்படி இருக்குது? மருந்து சாப்புடறேன்னு சம்பந்திகிட்ட சொல்லிக்கினு இருந்தீங்களே, சாப்புட்டீங்களா?"

அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போன வேகத்தில் எங்களுக்கு நல்ல தரிசனம் கிடைத்தது. "ஏன்க்கா ஒட்டுக் கேக்கற?" என்று கேட்டேன். "ஒட்டுக் கேக்கறது இல்லமா. லைன் இருக்குதான்னு பாக்கறது. அது டூட்டி" என்றாள்.

டூட்டியை அவள் வீட்டிலும் விடமாட்டாள். வெளியூருக்குப் பேசுகிற டிரங்காலுக்கு மூன்று நிமிடக் கணக்கு அல்லவா? யார் பேசினாலும் மூன்று நிமிடத்தில் கையைத் தூக்கிவிடுவாள். "மூணு நிமிஷம் ஆச்சு. நீட்டிக்கலாமா?" எதிராளி யோசிப்பதற்குள் கதவைச் சாத்திவிடுவாள். சின்ன வயதில் அவளைப் பெண் பார்க்க வந்தார்களாம். மாப்பிள்ளையின் அப்பா தன் குலப் பெருமையை ஆரம்பித்து முப்பாட்டனார் வரைக்கும்தான் வந்திருந்தார். அக்கா கையைத் தூக்கிவிட்டாள். அவர்கள் நீட்டிக்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணமும் நடக்கவில்லை.

நாங்கள் இருவரும் சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறையில் குடியிருந்தோம். என் அம்மா செத்துப்போன அன்று சாயந்திரம் அக்கா வந்தாள். என் பாயைச் சுருட்டித் தன் அறைக்குக் கொண்டுபோய்ப் போட்டாள். "எனக்கு நம்பர் என்னக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "உனக்கு நம்பர் இல்லடி. அதான் உன்னை வெச்சிக்கினு இருக்கேன்" என்றாள்.

நாற்பத்தைந்து வயதில் அவளுக்குத் தலைக்குள் மணி அடிக்க ஆரம்பித்தது. ஆபீஸில் அடிக்கிற அதே மணி. சோறு தின்னும்போது அடிக்கும். குளிக்கும்போது அடிக்கும். சில நாள் சாம்பார்க் கரண்டியைக் காதுக்குக் கொண்டுபோய்விட்டு என்னைப் பார்ப்பாள். நான் சிரிப்பேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

"சீக்கிரமே ரிடையர் ஆயிடப் போறேன்டி, எழுதிக் குடுத்துட்டேன். போன் இல்லாத ஊரா பாத்து ரெண்டு பேரும் போயிடலாம். ஒரு மனுசன் ஹலோ சொல்லக் கூடாது. அங்க போனா இந்த மணி நின்னுடும்."

சொன்ன மறுநாளே கிராமத்துக்குத் தயாராக ஆரம்பித்துவிட்டாள். இரண்டு கோழிகள் வந்தன. பாம்புக்கு ஒரு டார்ச் லைட் வந்தது. ஒரு மண்வெட்டி வந்து கட்டிலின் கால்மாட்டில் படுத்துக்கொண்டது. "பழகிக்கணும்மா" என்றாள். மொட்டை மாடியில் தகர டப்பாக்களில் கத்தரி வைத்தாள். ஒரே ஒரு காய் காய்த்தது. அதைப் பறிக்க மனமில்லாமல் விட்டு, பழுத்து விழுந்ததும் வருத்தப்பட்டாள்.

விவசாயம் கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏனாத்தூருக்குப் போனோம். வரப்பில் நின்றுகொண்டு, நாற்று நடுகிற அம்மாளிடம் அக்கா கேட்டாள்.

"ஏம்மா, ஒரு நாத்து நட எவ்ளோ நேரம் ஆவும்?"

"எறங்கி வா, சொல்றேன்."

அக்கா ஆபீஸ் செருப்போடு இறங்கினாள். முழங்கால் வரை போய் நின்றுவிட்டாள். நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அக்கா வந்தாள், ஒரு செருப்பு வந்தது. "அந்த இன்னொண்ணு அடுத்த அறுப்புல வரும், வந்து வாங்கிக்கோ" என்றாள் அந்த அம்மா. அக்காவும் நம்பிக்கையோடு தலையாட்டினாள்.

கடைசியில் ஊர் கிடைத்தது. தாமல் ஏரியைத் தாண்டி உள்ளே தள்ளி ஒரு கிராமம். போன் கிடையாது, தந்தி கிடையாது, பஸ் கிடையாது. ஓர் அம்மாளின் ஓட்டு வீடு காலியாக இருந்தது. பார்க்கப் போகும் வழியில் அக்கா என்னை நிறுத்தினாள்.

"கேட்டா நான் ஊமைன்னு சொல்லிடு."

"அக்கா?"

"பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க. டெலிபோன் ஆபீஸ்னு மட்டும் மூச்சு வுடாத."

அக்கா நன்றாகவே நடித்தாள். கையை ஆட்டி ஓட்டைக் காட்டினாள், கிணற்றைக் காட்டினாள். கொல்லைக் கிணற்றை அவள் எட்டிப் பார்க்கப் போனபோது, வீட்டுக்கார அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயோ பாவம். புருசனும் இல்ல, பேச்சும் இல்ல. போன ஜென்மத்துல இன்னா பாவம் பண்ணுச்சோ."

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"யாரு பாவம்? எங்க அக்காவா ஊமை? அது பேசலன்னா காஞ்சிபுரத்துல ஒரு கடை தெறக்காது. எங்க அக்கா டெலிபோன் ஆபீஸ்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர்கள் சத்தியம் செய்தார்கள். அக்காவிடம் நான் மூச்சு விடவில்லை.

ஐந்து மாதம் கழித்தும் ரிடையர்மென்ட் ஆர்டர் வரவில்லை. அக்கா லீவு போட்டாள், பால் காய்ச்சுகிற நாள் பார்த்துப் போனோம். ஊர் எல்லையில் மேளம். அக்காவுக்கு மாலை. ஊர்ப் பெரியவர் கையைக் குவித்தார்.

"அம்மா, நீங்க பேசாத இருக்கறது ஆபீஸ் ரகசியம்னு புரிஞ்சிக்கினோம். இனிமே தாராளமா பேசுங்க. ரோடு கேட்டோம், குடுக்கல. டெலிபோன் அம்மாவே எங்க ஊருக்குக் குடி வர்றாங்கன்னு மனு போட்டோம், ஒடனே குடுத்துட்டாங்க."

ஓட்டு வீட்டின் முன்னறையில், முக்காலியின் மேல், மஞ்சள் குங்குமம் வைத்துக் கருப்பாக உட்கார்ந்திருந்தது டெலிபோன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. அக்காவின் கை அவளைக் கேட்காமல் போய் எடுத்தது.

"நம்பர் ப்ளீஸ்."

ஊரே கை தட்டியது. வாழ்த்துச் சொல்வதற்காக அவளுடைய ஆபீஸிலிருந்தே பேசினார்களாம். அக்கா போனை வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படி ஒரு முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது மாலையை மடியில் வைத்துக்கொண்டு, "யார்டி சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஊர் தேடினோம். பஸ்ஸில் இறங்கி, வெயிலில் நடந்து, போன் கம்பி தெரிகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே போவாள். அந்த ஒரு வருஷத்தில் அவள் ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அலைச்சல் என்றாள். நானும் அலைச்சல் என்றே நினைத்தேன். வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுத் தனியாகச் சொன்னார். உள்ளே போனேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை அக்கா. "என்னமா சொன்னாரு?" என்றாள். "ஒண்ணும் இல்லக்கா" என்றேன். "சரி, புரிஞ்சிது" என்றாள்.

நான் உளறாமல் இருந்திருந்தால், அந்த ஓட்டு வீட்டில் ஒரு வருஷமாவது மணி இல்லாமல் தூங்கியிருப்பாள். அந்த ஒரு வருஷத்தை என் வாய் தின்றுவிட்டது. வேறு என்ன சொல்ல?

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் ரிடையர்மென்ட் ஆர்டர் வந்தது. வாசித்துக் காட்டினேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"காலையில கால் புக் பண்ணிட்டு சாயந்திரம் வரைக்கும் காத்துக்கினு இருப்பாங்க. லைன் கிடைக்கும்போது பார்ட்டி எழுந்து போயிருப்பாங்க. நானே எத்தினி பேர்கிட்ட சொல்லியிருக்கேன். சாரி, பார்ட்டி இல்லீங்கன்னு."

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, அந்த ஊர்ல சொன்னது நான்தான். உன்னைப் பாவம்னாங்க, கோவம் வந்துடுச்சி."

"தெரியும்டி."

"எப்பக்கா தெரியும்?"

"'தெரியலக்கா'ன்னு சொன்னியே, அப்பவே. உன் குரல் இழை அறுந்தா மாதிரி இருந்துது. எனக்குக் குரல் தெரியாதா?"

"அப்புறம் ஏன்க்கா என்னைத் திட்டல?"

"என்னைப் பாவம்னு சொன்னதுக்கு ஒருத்திக்குக் கோவம் வந்துதே. என்னான்னு திட்டறது?"

அப்புறம் நான் பேசினேன். அம்மா செத்ததிலிருந்து எல்லாவற்றையும் பேசினேன். அழுதுகொண்டே பேசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் கட்டிலைத் தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது. அவள் எப்போது கையைத் தூக்குவாள் என்று பார்த்துக்கொண்டேதான் பேசினேன். அவள் தூக்கவில்லை. அன்றைக்கு மட்டும் அவள் என் லைனைக் கட் பண்ணவில்லை. இரண்டு நாளில் போய்விட்டாள்.

இப்போது தார் சுற்றும்போது எனக்கும் தலைக்குள் என்னவோ கேட்கிறது. அது மணி இல்லை. "நீட்டிக்கலாமா" என்கிற குரல். நீட்டிக்கலாம் அக்கா என்று சொல்கிறேன். யாருக்குக் கேட்கிறது?

இதைப் படிக்கிறவர்கள் எந்தக் கோயிலுக்குப் போனாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், எங்கள் டிரங்கால் அக்காவுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கும் உங்கள் பெயர் தெரியாது. வாய் விட்டு வேண்டினால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள். மணி மட்டும் அடிக்காதீர்கள்.